சத்தம் வரக் கூடாதென்று நான் இறுக்கிய வால்வு

பிள்ளைகளா,

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நம் ஷெட்டில் இப்போது எஞ்சின் வேலை பார்க்கிற அஞ்சு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அதில் ரெண்டு பேர் நான் பெற்ற பிள்ளைகள், மற்ற மூணு பேர் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவர்கள். வேலை என்று வந்துவிட்டால் எனக்கு அஞ்சு பேரும் ஒண்ணுதான்.

போன வாரம் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய கேம் ஷாஃப்ட் போட வேண்டும் என்று வந்தார். நீங்கள் குஷியாக ஒத்துக்கொண்டீர்கள். நான் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினேன். "அப்பாவுக்கு பொறாமைடா, இப்பல்லாம் அவரால ஸ்பேனர் புடிக்க முடியலல்ல" என்று மகள் சொன்னது என் காதில் விழுந்தது. பொறாமை இல்லை பாப்பா. அந்த வேலையை நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். அது எப்படி முடிந்தது என்று உங்கள் அம்மாவுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. அந்தக் காரை நீங்கள் தாராளமாகச் செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எட்டு வருஷம் ஆகிறது. அப்போது நம் ஷெட் செம்மண்டலத்தில் இருந்தது. பக்கத்திலேயே உங்கள் தாய்மாமன் லேத் போட்டிருந்தான். கடலூரில் நமக்கு ஒரு பேர் உண்டு, இந்த ஷெட்டில் எஞ்சின் வேலை பார்த்தால் டேப்பெட் சத்தம் வராது என்று. நம் ஊரில் எஞ்சினை யார் பார்க்கிறார்கள்? காதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்வார்கள். மொபெட் வைத்திருக்கிறவர்கூட "டேப்பெட் சத்தம் வருதே" என்றுதான் வண்டியை நிறுத்துவார். அதனால் வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, மேல் மூடியில் ஒரு அஞ்சு ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்திக் காட்டுவேன். காசு ஆடாது. நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு போதை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த சமயத்தில்தான் ரெஜினா வந்தாள். சிதம்பரத்தில் ஒரு காலேஜ் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். அவளுடைய அப்பா புவனகிரிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். சித்தப்பா துபாய் போகும்போது விட்டுவிட்டுப் போன ரெண்டு கதவு ஜப்பான் கார் ஒன்று அவளிடம் இருந்தது. பழசுதான், ஆனால் அதை அவள் ஓட்டுகிற விதமே வேறு. சென்னைப் பக்கம் ரேஸ் டிராக்குக்கு லீவு நாளில் போய்ப் போய்ப் பழகியிருந்தாள்.

அங்கே ஒரு ரேஸ் டீம் பெண்களை எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவரவர் காரில் வந்து மூணு ரவுண்டு ஓட்ட வேண்டும். மூணையும் சேர்த்து நேரம் பார்த்து ரெண்டு பேரை எடுப்பார்கள். எடுத்தால் அவர்கள் காரிலேயே ஒரு வருஷம் ரேஸ் ஓட்டலாம். இருபத்தஞ்சு வயசு முடிந்திருக்கக் கூடாது. ரெஜினாவுக்கு இருபத்தஞ்சு முடிய ரெண்டு மாதம்தான் பாக்கி. அவளுக்கு அந்த ஒரு நாள்தான், அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

"டர்போ வேணாம் அண்ணா. டர்போ இருந்தா வேற கிளாஸ்ல தள்ளிடுவாங்க. எஞ்சின் தானா மூச்சு வுடணும், ஆனா கொஞ்சம் பெருசா வுடணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு டப்பாவை என் முன்னால் வைத்தாள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கேம் ஷாஃப்ட். கூடவே எதை எந்த அளவில் வைக்க வேண்டும் என்று போட்ட ஒரு கார்டு.

புதுசாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம் ஷாஃப்ட்டில் இருக்கிற முட்டை மாதிரி மேடுதான் டேப்பெட்டைத் தள்ளி வால்வைத் திறக்கிறது. மேடு பெரிசானால் வால்வு ஜாஸ்தி திறக்கும், ஜாஸ்தி நேரம் திறந்திருக்கும். வேகத்தில் எஞ்சின் காற்றை அள்ளிக் குடிக்கும். அதற்குக் கூலியாக, வண்டி நின்றபடி ஓடுகிற ஐடிலிங்கில் ஆடும், டேப்பெட் கடகடக்கும். அந்த மாதிரி கேமுக்கு வால்வுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் ஜாஸ்தி கேட்பார்கள். கார்டில், எரிந்த புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பன்னெண்டு தவ் என்று போட்டிருந்தது. ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமயிரைவிட மெல்லிசு. அந்தப் பன்னெண்டுதான் என் தலையெழுத்து.

வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். பத்து நாள் வேறு வண்டியைத் தொடவில்லை. கார்டில் இருந்தபடியே எல்லாம் வைத்து, ஒரு சாயங்காலம் ரெஜினாவும் வாத்தியாரும் நிற்கும்போது ஸ்டார்ட் பண்ணினேன்.

கார் மொத்தமும் ஆடியது. மேலே கடகடகடவென்று ஒரே சத்தம். உங்கள் மாமா லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

"என்னா மாமா, வண்டிக்கு குளிர் ஜொரமா? போர்வை எடுத்தாரவா?"

"போடா, இது ரேஸ் எஞ்சின்."

"அதான பார்த்தேன். டைப் அடிக்கிற கிளாஸ் ஆரம்பிச்சிட்டியோன்னு நெனைச்சேன்."

டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். எவனோ ஒருத்தன், "காசு நிறுத்துங்க பாப்போம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். உங்கள் மாமா விடுவானா? அவனே சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நிறுத்தினான். அது நிற்கவே இல்லை, துள்ளி விழுந்து காருக்கு அடியில் உருண்டு போனது. எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மாமா மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவன் எப்போதும் அப்படித்தான். சிரித்தது பெரிசில்லை. வாத்தியார் சிரிக்கவில்லை, அதுதான் என்னைச் சுட்டது.

"ஏம்பா, நல்லா ஓடிட்டு இருந்த எஞ்சினு. இப்ப ரிப்பேருக்கு வந்த வண்டி மாதிரி கத்துதே" என்றார்.

"அப்பா, இது இப்படித்தான் இருக்கும். சும்மா இருங்க" என்றாள் ரெஜினா. என் பக்கம் திரும்பி, "அண்ணா, இவுங்க சொல்றாங்கன்னு எதையும் தொட்டுடாதீங்க. கார்டுல இருக்கறதுலேர்ந்து ஒரு தவ்கூட மாத்தாதீங்க. சத்தம் போட்டா போட்டுட்டுப் போவுது. காலையில வந்து எடுத்துக்கிறேன்" என்றாள். அப்பாவும் மகளும் சிதம்பரம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

இதைவிடத் தெளிவாக ஒரு கஸ்டமர் சொல்ல முடியுமா, சொல்லுங்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஷெட்டைத் திறந்தேன். எஞ்சின் ஆறியிருந்தது, டேப்பெட் பார்க்கத் தோதான நேரம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தக் கார்டை எழுதினவன் எவனோ வெளிநாட்டுக்காரன், அவன் குளிர் தேசத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினான், நம் காது அவனுக்கு எங்கே தெரியும் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருஷம் அஞ்சு, ஆறு என்று வைத்துப் பழகின கை. மேல் மூடியைக் கழற்றி, நாலு எக்ஸாஸ்ட் வால்வையும் பன்னெண்டிலிருந்து அஞ்சு தவ்வுக்கு இறுக்கினேன். முக்கால் மணி நேர வேலை. திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். ஆட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கடகடப்பு அடங்கிவிட்டது. மனசு குளிர்ந்தது எனக்கு.

பத்து மணிக்கு ரெஜினா வந்தாள். பானெட் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சத்தம் கொறைஞ்சிருக்கே அண்ணா? எதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலம்மா. ஆயில் ஏறி எல்லாம் செட் ஆயிடுச்சு."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? பத்து நாளும் ஆபீஸ் விட்டதும் வந்து என் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்.

வால்வை இறுக்கினதை வேலைத் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் வரும். மாத்தவில்லை என்று சொன்னேனே, அது தப்பு இல்லை, பொய். அந்த நிமிஷம் "கொறைச்சு வெச்சேம்மா" என்று சொல்லியிருந்தால் அவள் ரெண்டு திட்டு திட்டிவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லியிருப்பாள். ஒரு மணி நேரம் போயிருக்கும், அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் அவள் ஓட்டிப் பழகினாள். சிதம்பரத்திலிருந்து போன் பண்ணி, "அண்ணா, அஞ்சாயிரத்துக்கு மேல போனா வேற வண்டி மாதிரி இழுக்குது அண்ணா!" என்று சந்தோஷமாகக் கத்தினாள். அந்த ரெண்டு வாரமும் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும். அந்த நீளத்துக்குத்தான் கார்டு எழுதினவன் பன்னெண்டு தவ் இடம் கேட்டிருந்தான். நான் இடத்தைப் பிடுங்கிவிட்டேன். வால்வு முழுசாக மூடாமல், மூடாத விளிம்பு வழியாக நெருப்பு கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுகொண்டிருந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

டீமுக்கு ஆள் எடுக்கிற அந்த நாளுக்கு நானும் போனேன். வாத்தியாரும் நானும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அவர் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டேக்கு வைத்திருந்தது. முதல் ரவுண்டு முடிந்ததும், "இதுவரைக்கும் ஓட்டுனவுங்கள்ல இவதான்பா முதல்!" என்றார். ரெண்டாவது ரவுண்டில் இன்னும் ஒரு வினாடி குறைத்தாள். நேர் ரோட்டில் அந்த எஞ்சின் கத்திக்கொண்டு போனது இருக்கிறதே, அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் செய்த எஞ்சின் அது.

மூணாவது ரவுண்டு. நேர் ரோட்டின் கடைசியில் பிரேக் பிடித்து நாலாவது கியரிலிருந்து மூணாவதுக்கு வந்தாள். அந்த இடத்தில் கார் ஒரு குலுக்கு குலுக்கியது. அப்புறம் சத்தமே மாறிவிட்டது. நாலில் ஒன்று செத்து மூணு சிலிண்டரில் ஓடுகிற சத்தம், எந்த மெக்கானிக்கும் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பான். எங்களைத் தாண்டிப் போகும்போது ஆட்டோ மாதிரி போனது. வாத்தியார் ஸ்டாப் வாட்சை நிறுத்த மறந்து நின்றார்.

ரெஜினா காரை விட்டு இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணா, நான்தான் கெடுத்துட்டேன். நாலுலேர்ந்து மூணுக்கு வரப்ப கை தவறி ஒண்ணுக்குப் போயிடுச்சு போல. குலுக்குனதும் ஒடனே நியூட்ரலுக்கு இழுத்துட்டேன். சரியா எதுல போட்டேன்னு எனக்கே தெரியல."

அப்படிப் போட்டிருந்தால் எஞ்சின் சுழற்சி எல்லை மீறி, வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கும். நானும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன். கடலூர் வருகிற வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். ஒரு பெண்ணின் கை தவறியிருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஆள் நான். எழுதவே கூசுகிறது.

மூணாம் நாள் பிஸ்டனுக்கு மேலே இருக்கிற ஹெட்டைக் கழற்றினேன். அப்பாவும் மகளும் பக்கத்தில் நின்றார்கள். நாலு பிஸ்டன் மேலும் ஒரு சின்னத் தழும்பு இல்லை. ஒரு வால்வும் வளையவில்லை. மூணாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் விளிம்பில் கால் வாசி எரிந்து, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி இருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கை தவறினதால் வால்வு எரியாது. இடைவெளி இல்லாததால்தான் எரியும். அவள் சரியான கியரில்தான் போட்டிருக்கிறாள். வேகத்திலிருந்து பிரேக் பிடித்து இறங்கின அந்த நேரம் பார்த்து வால்வின் விளிம்பு விட்டுப்போயிருக்கிறது.

வாத்தியார் கேட்டார். "ஏம்பா, பாப்பா மேலதான் தப்பா?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. இல்லை என்று நான் சொல்ல மாட்டேனா என்ற ஆசையில் கேட்டார். ரெஜினா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேத் பக்கம் உங்கள் மாமா யாருடனோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் என் பேரை நினைத்தேன். கடலூர் முழுக்க எப்படிப் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

"ஹை ஸ்பீடுல இதெல்லாம் நடக்கும் சார்" என்றேன்.

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வார்த்தை. அவர்கள் ரெண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. ரெஜினா தலையை ஆட்டினாள். வாத்தியார் அவள் தோளில் கை வைத்து, "விடும்மா, கை தவறுறது மனுஷனுக்கு சகஜம்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். வால்வு மாற்றி, பழைய கேமையே போட்டுக் கொடுத்தேன். சித்தப்பா அந்தக் காரை யாருக்கோ தள்ளிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் ஏழு வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சிதம்பரத்து வண்டி வந்தால்கூட எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டுதான் வாங்குவேன். போன தை மாதம் அங்கே ஒரு சொந்தக்காரக் கல்யாணம், தட்ட முடியவில்லை. பந்தியில் எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ரெஜினா. மணப்பெண் அவள் ஆபீசில் வேலை பார்க்கிற பெண்ணாம். கூடவே புருஷனும் சின்னப் பிள்ளையும்.

"இவருதாங்க கடலூர் அண்ணா. என் காருக்கு எஞ்சின் பண்ணாரே. இவரு அவ்ளோ அழகா பண்ணிக் குடுத்தாரு, நான்தான் ஒரே கியர்ல காலி பண்ணிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

புருஷன் நல்ல மாதிரி ஆள். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க. வீட்ல கார் நிக்குது, இவ தொடவே மாட்டா. ரேஸ் ஓட்டுன பொண்ணுன்னு சொல்லிக் கட்டி வெச்சாங்க. கியருன்னாலே பயம். கியர் இல்லாத ஸ்கூட்டர்லதான் ஆபீஸ் போவா" என்றார்.

"போதும், சாம்பார் ஊத்தப் போறாங்க, போய் உக்காருங்க" என்று அவள் அவரைத் தள்ளினாள்.

நான் பாதியிலேயே இலையை மூடிவிட்டேன். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பத்து பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு காரணம் கொடுத்துக்கொண்டேன். காரணம் எப்போதும் கிடைக்கும் பிள்ளைகளா, நான் தேடின எந்த நாளும் அது இல்லாமல் போனதில்லை.

ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். புருஷன் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போயிருந்தார். கூடத்தில் வாத்தியாரின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. மூணு வருஷம் ஆச்சாம், எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னெண்டு, அஞ்சு, காலை ஏழு மணி, ஒண்ணும் மாத்தவில்லை என்று சொன்ன பொய், எரிந்த வால்வு, வாத்தியார் கேட்ட கேள்வி, ஒன்று விடாமல்.

 முடித்ததும் அவள் தன் இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் போடுகிற கை.

"அப்போ நான் சரியாதான் போட்டேனா?"

"நீ சரியாதான் போட்டேம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

விரித்த கையை மடக்கிக்கொண்டாள். அப்புறம், "அந்த வால்வு வெச்சிருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

இல்லை. நீங்கள் எல்லோரும் கேளுங்கள், அதை நான் வைத்திருக்கவில்லை. ஹெட்டைக் கழற்றின அன்றைக்கே, வேறு மெக்கானிக் எவனாவது பார்த்துவிடப் போகிறான் என்று, பழைய இரும்பு எடுக்கிறவன் மூட்டையில் நானே என் கையால் போட்டேன். கார்டையும் கிழித்துப் போட்டேன். அதை அவளிடம் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திரும்பி வந்திருப்பேன்.

"அப்பாவும் சாவுற வரைக்கும் இப்படித்தான் அண்ணா. கார்ல ஏதோ கோளாறா இருக்கும், உன் தப்பா இருக்காதுன்னு திடீர் திடீர்னு சொல்வாரு. நான் வருத்தப்படக் கூடாதுன்னு. அன்னிக்கு கல்யாணத்துல எங்க வீட்டுக்காரரு சொன்னதக் கேட்டு உங்களுக்கு மனசு கேக்கல போல."

"இல்லம்மா, இது நிஜம். சத்தியமா நிஜம்."

"நீங்க நல்லவரு அண்ணா" என்றாள். "வயசான காலத்துல இவ்ளோ தூரம் பஸ்ல வந்து உங்க மேல போட்டுக்கறீங்க. ஆனா என் கை எங்க போச்சுன்னு எனக்குத்தான தெரியும்."

அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அவள் அதை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொள்வாள் என்று புரிந்தது. அன்றைக்கு ஷெட்டில், அந்த வால்வை அவள் உள்ளங்கையில் வைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். அவளுடைய அப்பாவும் கேட்டிருப்பார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கழற்றின சாமானை அன்றைக்கே கஸ்டமர் கையில் கொடுத்துவிடுங்கள், அது உங்களைக் காட்டிக்கொடுக்கிற சாமானாக இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.

காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ரெஜினா பிடிவாதம் பிடித்தாள். குடித்தேன். வாசலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, "வெயிலா இருக்கு அண்ணா, பஸ் ஸ்டாண்டுல வுட்டுடறேன், ஏறுங்க" என்றாள். பின்னால் உட்கார்ந்து போனேன். போகிற வழியெல்லாம் அவள் என் உடம்பைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள்.